காற்கூறும் முக்காற்கூறும்

நன்னூலைப் பாடம் நடத்தும்போது பாயிரத்தை விரைந்து கடந்துவிடுவது நம் போன்ற விரிவுரையாளர்களின் வழக்கம். தேர்வில் அப்பகுதியிலிருந்து ஒரு சிறுவினா வந்தால் உண்டு. அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று மாணாக்கரைத் தரம் பிரிக்கும் நூற்பாவைச் சொல்லி, எருமை வந்ததும் வகுப்பில் எழும் சிரிப்பு அடங்கக் காத்திருந்து, எழுத்தியலுக்குப் போய்விடுவோம். அதையடுத்து வரும் சில நூற்பாக்களை நாம் ஊன்றிப் படித்தது 2020ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். ஒரு பிழையைச் செய்துவிட்டுப் படித்தோம் என்று சொல்வதே பொருந்தும். அப்பிழைக்குப் பின்னர் வருவோம்.

பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்க இயற்றிய அந்நூல், கற்பவன் செய்யவேண்டியவற்றை அங்கே வரிசைப்படுத்துகிறது. வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியரை அடுத்து மீண்டும் கேட்டல், தன்னை ஒத்தவரோடு பயிலுதல், வினாதல், வினாவியவற்றுக்கு விடை கூறுதல். இன்றைய கல்வியியல் கருத்தரங்குகளில் ‘தன்னெறிப்படுத்திக் கற்றல்’ என்ற தொடர் அடிக்கடி காதில் விழுகிறது. அமெரிக்கக் கல்வி உளவியலார் பேரி சிம்மர்மன் 1980களிலிருந்து விரிவாக எழுதி நிலைநாட்டிய கருத்து அது. திட்டமிடுதல், தன் கற்றலைத் தானே கண்காணித்தல், பின்னர்த் திரும்பிப் பார்த்தல் என்று அவர் பிரிப்பவற்றில் பாதிக்கு மேல் இந்நூற்பாவில் உண்டு. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டும் நோக்கம் நமக்கில்லை. இருந்ததைப் படிக்காமல் நடத்தினோம் என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

வரிசை முடிந்தபின் ஒரு கணக்கு வருகிறது. ஒரு நூலை இருமுறை கேட்டவன் அந்நூலில் பெரிதும் பிழைபடான். மும்முறை கேட்டவன் முறையறிந்து பிறர்க்கு உரைப்பான். அப்படியிருந்தும், ஆசிரியர் சொன்னதை முழுவதுமாக மனங்கொண்டாலும் ஒருவனுக்குக் கிடைக்கும் புலமை காற்கூறுதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் சேரும். எஞ்சிய அரை, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் வரும்.

வடமொழியிலும் இதையொத்த கணக்கு ஒன்று வழங்குகிறது. ஆசானிடமிருந்து கால், தன் அறிவால் கால், உடன் பயில்வோரால் கால், காலம் செல்லச் செல்ல ஒரு கால் என்பது அது. இரண்டும் ஆசிரியர்க்குக் காற்பங்குக்கு மேல் தரவில்லை. அந்த அளவில் நமக்கு அடக்கம் கற்பிக்கின்றன. வேற்றுமை எஞ்சியதில்தான் உள்ளது. வடமொழிக் கணக்கு ஒரு பங்கைக் காலத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு அமைகிறது. நன்னூல் மாணவனை எழுந்து நின்று பேசச் சொல்லுகிறது, அதற்குப் பாதி மதிப்பெண்ணும் தருகிறது.

இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடந்த இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளின் கல்வி வரலாற்றைப் பார்த்தால், நாம் புதுமை என்று கொண்டாடிய பலவும் அந்த முதற்காலைப் பெரிதாக்கும் முயற்சிகளாகவே தெரிகின்றன. மற்ற முக்காலைப் பெரும்பாலும் மாணவர்கள் தாமே, நமக்குத் தெரியாமல், சில வேளைகளில் நமக்கு அஞ்சியும் ஈட்டிக்கொண்டார்கள்.

விலக்கு ஒன்று உண்டு. அது சென்னையிலேயே நிகழ்ந்தது. எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியை 1789 முதல் நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பிள்ளைகளில் பலர் ஆங்கிலப் படைவீரர்களுக்கு இந்தியப் பெண்கள் வயிற்றில் பிறந்தவர்கள். ஒரு நாள், நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் இது ஆகாது என்று மறுத்தார்கள். பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். பையன் செய்து காட்டிவிட்டான். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளையைக் கண்டு வளர்ந்த நம் பாட்டன்மார்க்கு இதில் வியப்பேதும் இருந்திருக்காது. பெல் இங்கிலாந்துக்குத் திரும்பி, 1797இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அங்கே ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதைப் போன்ற முறையொன்றைப் பரப்ப, யார் முதலில் கண்டது என்று பெரும் பூசல் மூண்டது. ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெல் விட்டுச்சென்ற செல்வத்தால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

ஆயின் அம்முறை இங்கிலாந்தில் பரவியதற்குக் காரணம், ஓர் ஆசிரியரின் செலவில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற கணக்கு. சொல்லிக்கொடுக்கும் பையனுக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டிலும் எத்தனை ஆசிரியர்களின் சம்பளம் மிஞ்சுகிறது என்பதே பலரின் கண்ணில் பட்டது. விரித்துரைத்தல் ஒப்புவித்தலாகச் சுருங்கியது. நல்ல கருத்தொன்று மலிவானது என்பதற்காக ஏற்கப்படும்போது இப்படித்தான் ஆகும் போலும்.

பல்கலைக்கழகம் வேறு வழியில் வந்தது. 1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதற்கு முன்மாதிரியாக இருந்தது 1836இல் தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகம். இரண்டும் தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை, தேர்வு மட்டுமே நடத்தின. இலண்டன் 1858இல் ஒரு படி மேலே சென்று, மருத்துவம் நீங்கலாக, எக்கல்லூரியிலும் பயிலாதவரும் தேர்வெழுதலாம் என்று கதவைத் திறந்தது. எங்கே படித்தாய், எப்படிப் படித்தாய் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. என்ன தெரியும் என்று மட்டுமே கேட்டார்கள்.

சென்னையில் முதன்முதலாக பி.ஏ. பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1855இல், மூடப்பட்டுவிட்ட வட்டுக்கோட்டைச் செமினறியில் பயின்றவர்கள் இருவரும். தாமோதரம்பிள்ளை பின்னர் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏடுகளிலிருந்து பதிப்பித்தார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதற்கு வேண்டிய பயிற்சியை எந்தப் பாடத்திட்டமும் அவருக்குத் தரவில்லை.

இவ்விடத்தில் உ. வே. சாமிநாதையரைக் குறிப்பிடாமல் நகர முடியவில்லை. அவர் பல்கலைக்கழக மாணவர் அல்லர் என்பது தெரியும். ஆனால் நன்னூற் கணக்கை ஒருவர் வாழ்க்கையில் இத்தனை துல்லியமாகப் பார்ப்பது அரிது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் அவர் மறையும் 1876 வரை பாடம் கேட்டார். முதற்கால் என்று பார்த்தால் அதற்கு மேல் ஒருவருக்கு வாய்க்காது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த சில மாதங்களில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கியும் முதலியாரிடம் அசைவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இந்தக் கதை நம் எல்லார்க்கும் மனப்பாடம். ஆனால் பெரும்பாலும் நாம் ஏட்டைத் தேடிய கதையாகவே இதைச் சொல்லுகிறோம். அதற்கு முன் நடந்ததைக் கவனிக்க வேண்டும். தாம் படித்தறியாத அந்நூலை இராமசாமி முதலியாருக்கு அவர் பாடம் சொல்லத் தொடங்கிவிட்டார்! நச்சினார்க்கினியர் உரையோடு மல்லுக்கட்டி, அடுத்த அமர்வுக்குள் விளங்கிக்கொண்டு சொல்லவேண்டிய கட்டாயம். விளங்காத சமயச் செய்திகளுக்குக் கும்பகோணத்துச் சமண அன்பர்களின் வீடு தேடிப்போய், அவர்களோடு அமர்ந்து பயின்றார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஆசானிடம் கால், சமண அன்பர்களிடம் கால், முதலியாருக்கு உரைத்ததில் அரை.

கல்லூரிகளில் படித்த பொதுவான மாணவர்க்கு அப்படியொரு முதலியார் வாய்க்கவில்லை. அவர்களுக்கு வாய்த்தது நோட்ஸ். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு, அதை மூத்தவரிடமிருந்து வாங்கிப் பெயர்த்தெழுதிய நோட்டு, பின்னர்க் கடையில் விற்ற கைடு, அதன் பின்னர்க் கல்லூரி வாயிலில் முளைத்த ஜெராக்ஸ் கடை. தேர்வு ஒன்றே குறி என்றானபின் அதற்கான சந்தை உருவாவதில் வியப்பில்லை. நாமும் அச்சந்தையில் வாங்கியவர்கள்தாம்.

நாம் முதுகலை பயின்றபோது விடுதியில் ஒரு நண்பர் இருந்தார். ஜெராக்ஸுக்குப் பணமில்லாததால் தொல்காப்பிய மூலத்தையும் சேனாவரையர் உரையையும் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பார். தேர்வுக்கு முந்தைய இரவுகளில் சாப்பாட்டுக் கூடத்து மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார, வேற்றுமை மயங்கியலை அவர் சொல்லுவார். இடையில் நின்று, ‘இரு, நான் சொன்னது தப்பு’ என்று மறுபடியும் தொடங்குவார். அவ்விரவுகளால் நம் மதிப்பெண் கொஞ்சம் உயர்ந்தது, அவருடையது எங்கேயோ போயிற்று. சொல்லத் தொடங்கும்வரை அந்த இயல் தனக்கும் புரியவில்லை என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் சொன்னார். தன்னடக்கம் என்று அப்போது எண்ணிக்கொண்டோம்.

அஞ்சல்வழிக் கல்வியும் இணையமும் இதற்கிடையே வந்தவை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி சென்னைக்கு 1981இல் வந்தது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. வார இறுதித் தொடர்பு வகுப்புகளில் நாமும் சில ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம். பேருந்து நடத்துநர், காவலர், சத்துணவுப் பணியாளர் என்று வருவார்கள். நாம் பேசும் ஒரு மணிநேரத்தைவிடத் தேநீர் இடைவேளையில் அவர்கள் கூடுதலாகக் கற்றார்கள் என்பது அப்போதே நமக்கு ஐயமாக இருந்தது.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியதும், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்ததும் தமிழ் மாணவர்களுக்குப் பெருநிகழ்ச்சிகள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துப் பணம் கட்டி உட்கார்ந்தால், எழுத்துரு இல்லாமல் திரை முழுவதும் கட்டங்கட்டமாக வரும். திஸ்கியை இறக்கி நிறுவுவதற்குள் பாதி நேரம் போய்விடும். அந்தத் தொல்லையே ஒரு நன்மையும் செய்தது. எழுத்துருவை நிறுவத் தெரிந்த ஒருவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது, கூட்டம் சேர்ந்தால் பேச்சும் சேரும்.

பின்னர் வந்தது காணொளி. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டெல் திட்டத்தைத் தொடங்கின. 2011 இலையுதிர் பருவத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடமொன்றை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட, ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். நம் நாட்டில் ஸ்வயம் தளம் 2017இல் வந்தது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியே படிக்கலாம் என்று விதி செய்தது.

இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். இருமுறை, மும்முறை கேள் என்று நன்னூல் சொன்னபோது, ஆசிரியர் மும்முறை சொல்லவேண்டியிருந்தது. எந்த ஆசிரியர் சொல்லுவார்? இன்று விரலால் தொட்டால் அவர் சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார். சமையல் செய்துகொண்டே கேட்கும் மாணவியரை நாம் அறிவோம். பின்வாங்கிக் கேட்கும் உரிமை மெதுவாகக் கற்பவனுக்கு எத்தனை பெரிய கொடை என்பது, வகுப்பில் ‘மறுபடியும் சொல்லுங்கள்’ என்று கேட்கக் கூச்சப்பட்டவர்க்குத்தான் தெரியும். ஆனால் மும்முறை கேட்டாலும் அது முதற்காலுக்குள்தான் அடங்கும். நன்னூலார் அவ்விரு நூற்பாக்களையும் சொன்ன கையோடு காற்கூறு என்று ஏன் எல்லை கட்டினார் என்பது அந்த 1,60,000க்கும் 23,000க்கும் நடுவில் விளங்குகிறது.

இனி நம் பிழைக்கு வருவோம்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டு, இணையவழி வகுப்புகள் தொடங்கின. திரையில் அறுபது கறுப்புக் கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். சிலர் அண்ணனின் செல்பேசியில் அண்ணனின் பெயரிலேயே வந்தார்கள். சமிக்ஞை கிடைக்காமல் மொட்டைமாடியிலும் கண்மாய்க்கரையிலும் உட்கார்ந்து கேட்டவர்கள் இருந்தார்கள். ‘புரிகிறதா’ என்று கேட்டால் யாராவது ஒருவர் ‘புரியுதுங்க ஐயா’ என்று தட்டச்சு செய்வார். அப்படியே ஒரு பருவம் போயிற்று.

இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஆகுபெயர் பற்றி ஒப்படைப்பு ஒன்று கொடுத்திருந்தோம். சொந்த எடுத்துக்காட்டுகள் வேண்டும் என்று சொல்லியிருந்தோம். வந்தவற்றுள் எட்டுத் தாள்களில் எண்ணலளவை ஆகுபெயருக்கு ஒரே எடுத்துக்காட்டு: ‘நூற்றெட்டு வந்துவிட்டது.’ அவசர ஊர்தியை நூற்றெட்டு என்பது. அந்நாட்களில் தெருவுக்குத் தெரு கேட்ட சொல். எடுத்துக்காட்டு நன்றாக இருந்தது. எட்டுத் தாள்களில் இருந்ததால் அது நமக்குக் களவாகத் தெரிந்தது. எட்டுப் பேர்க்கும் பாதி மதிப்பெண் போட்டு, அகமதிப்பீட்டுப் பட்டியலை அனுப்பிவிட்டோம்.

2021 செப்டம்பரில் கல்லூரி திறந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, ‘ஐயா, நாங்க காப்பி அடிக்கலைங்க’ என்று சொல்லித் தம் செல்பேசியில் ஒரு வாட்ஸப் குழுவைத் திறந்து காட்டினார். எட்டுப் பேர் கொண்ட குழு. நாற்பதுக்கு மேற்பட்ட குரற்பதிவுகள். பேசியவருள் முதன்மையானவர், பனியன் கம்பெனியில் மூன்றாண்டு வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். மற்றவர்களுக்கு அக்கா. நம் வகுப்பை அவர் ஒருவர்தான் முழுவதும் கேட்க முடிந்திருக்கிறது. கேட்டதைத் தம் ஊர்ப் பேச்சில், பின்னணியில் தையல் இயந்திரம் ஓட, மற்ற ஏழு பேர்க்கும் சொல்லியிருக்கிறார்.

நூற்றெட்டு அவர் கண்டது. அதைச் சொன்னதும் ஒரு மாணவியின் குரல் குறுக்கிடுகிறது. நாலடியாரையும் குறளையும் ‘நாலும் இரண்டும்’ என்று சொல்லும்போது அந்த எண்கள் அடிகளை எண்ணுகின்றன. ‘நூத்தியெட்டு போன் நம்பர்தானே அக்கா, அது எதை எண்ணுது?’ அக்கா சற்று நேரம் பேசவில்லை. மறுநாள் காலைப் பதிவில் விடை வருகிறது. ‘காலாலே நடந்தான்’ என்பதற்கும் ஐயா அதே ஆகுபெயர்தான் சொன்னார். உடம்பில் நாலில் ஒரு பங்கு என்று நினைத்துக்கொண்டா நாம் காலைக் கால் என்கிறோம்? எண் தன் கணக்கை மறந்து பெயராகிவிட்டது, நூற்றெட்டும் அப்படித்தான். இன்னொருவர் ஒப்பவில்லை. கால் என்பது மறந்துபோன அளவை, நூற்றெட்டு என்றைக்குமே அளவையாக இருந்ததில்லை என்கிறார். இரண்டு நாள் இப்படியே போயிருக்கிறது. கடைசியில் எழுதிவிடுவோம், ஐயா என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம் என்று முடிவு செய்து எட்டுப் பேரும் எழுதியிருக்கிறார்கள்.

ஐயா பாதி மதிப்பெண் போட்டார்.

பதினைந்து ஆண்டுகளாக ஆகுபெயர் நடத்தும் நம்மிடம் எவரும் கேட்டிராத கேள்வி அது. இலக்கணப்படி மறுத்தவர் பக்கமே வலுவிருக்கிறது என்பது நம் கருத்து. அளவை எண் வேறு, அழைப்பெண் வேறு. ஆயினும் அக்கா சொன்ன விடையை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. மதிப்பெண்ணைத் திருத்த முயன்றோம். பட்டியல் போய்ச்சேர்ந்துவிட்டது, திறக்க வழியில்லை என்றார்கள். எட்டுப் பேரின் மதிப்பெண் சான்றிதழ்களிலும் அது அப்படியே இருக்கிறது. அதன் பின்னரே நன்னூற் பாயிரத்தை எடுத்துவைத்துப் படித்தோம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் நிலைமை வேறு. ஆகுபெயருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்று கேட்டால் பத்தைத் தருகிறது. இரண்டு மூன்று தவறாக இருக்கலாம். துறையில் நம் நண்பர்கள் அத்தவறுகளைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தவறான விடையைத் திருத்திவிடலாம். நமக்குள்ள அச்சம் வேறு. விரித்துரைப்பது இப்போது பொறியாகவும், கேட்டுக்கொண்டிருப்பது மாணவராகவும் ஆகிவிட்டது. நன்னூலார் மாணவனுக்கென்று வைத்த அரைப்பங்கைப் பொறி வாங்கிக்கொள்ளுகிறது. அதன் விளக்கத்தை ஆயிரம் முறை கேட்டாலும் அது மீண்டும் முதற்காலில்தான் போய்ச்சேரும். அண்மைக் காலத்து மாணவர் குழுக்கள் ஒன்றிரண்டை, அவர்கள் காட்டப் பார்த்தோம். குரற்பதிவுகள் குறைந்துவிட்டன. பொறியின் விடையைப் படம்பிடித்து ஒருவர் போடுகிறார், மற்றவர்கள் கட்டைவிரல் உயர்த்துகிறார்கள்.

எல்லா இடத்திலும் அப்படியில்லை என்பதும் உண்மை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்போர்க்கான பகுதி ஒன்று உண்டு. போட்டித் தேர்வுக்கு வரும் இளைஞர்கள் உள்ளே பேசாமல் படித்துவிட்டு, வெளியே வந்து மரத்தடியில் ஒருவருக்கொருவர் வகுப்பெடுப்பதை அங்கே சென்றவர்கள் பார்த்திருக்கலாம். எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்பாடு செய்யாத வகுப்பு அது.

சென்ற பருவத்தில் ஆகுபெயர் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, ‘ஜிபே பண்ணு’ என்பதில் ஜிபே ஆகுபெயரா என்று கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், பக்கத்தில் இருக்கும் இருவருக்கும் சொல்லுங்கள் என்றோம். கருவியின் பெயர் செயலுக்கு ஆனது என்றார் ஒருவர்; அது பெயரே இல்லை, ‘பண்ணு’ சேர்ந்து வினையாகிவிட்டது என்றார் இன்னொருவர். மணி அடித்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். மூவரும் தாழ்வாரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வகுப்புக்குரிய ஆசிரியர் அவர்களைத் தாண்டி உள்ளே போனார்.